தாசன் அடித்த கோல்

பவளராணி டென்மார்க்கில் ஹேர்னிங் நகருக்கு வந்தது எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். பனி இறுகி, வீதியோரத்தில் தள்ளிவிட்ட குவியல்கள் கறுத்துப்போய்க் கிடந்த காலம். அவளுடைய கணவர் ஞானரட்ணம் அவளுக்கு முன்பே வந்து, பக்கத்து ஊரான இக்காஸ்டில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை எடுத்திருந்தார். மன்னார்க்காரர், அதிகம் கதைக்காதவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கிறபோது நாங்கள் எல்லோரும் உதைபந்தாட்டம் கதைப்போம். அவர் மட்டும் சுவரில் இருக்கிற அந்தோனியார் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் என்றால் நான், என் மனைவி அருள்நாயகி, தேவகுமார், யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களிலிருந்து வந்த இன்னும் சிலர். என் பெயர் யோசேப். தேவகுமார் கத்தோலிக்கன் இல்லை, புரட்டஸ்தாந்துச் சபைக்காரன். இருந்தாலும் தமிழ் கதைக்க வேறு இடம் இல்லையென்று எங்கள் கோவிலுக்கே வருவான். பூசை முடியும்வரை வெளியே தன்னுடைய பழைய காருக்குள் இருந்துவிட்டு, கோப்பி ஊற்றுகிற நேரம் பார்த்து உள்ளே வருவான்.

டென்மார்க் முதல்தடவையாக உலகக் கிண்ணத்துக்குப் போகிற வருடம் அது. தொழிற்சாலையில் டேனிஷ்காரர் வேறு எதையும் கதைக்கவில்லை. பேக்கரியில் பாணுக்குப் பக்கத்தில்கூடச் சிவப்பு வெள்ளைக் கொடி குத்தியிருந்தார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்களுக்குள் கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் தாசனிடம் வந்துதான் நிற்கும். "இவங்கள் தாசனைப் பாத்திருக்கவேணும்" என்று யாராவது ஒருவன் சொல்லுவான். பிறகு கோப்பி ஆறிவிடும்.

அந்தோனிதாசன் என்பது முழுப்பெயர். சவேரியார்துறை 'ஐக்கியம்' கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன். மெலிந்த உடம்பு, நீளக் கால்கள். சப்பாத்துப் போட்டால் நிலம் தெரியவில்லை என்று சொல்லி வெறுங்காலோடுதான் விளையாடுவான். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வரத் தொடங்கினால் மைதானத்தைச் சுற்றி நிற்கிற சனம் முதலில் ஒருமுறை ஓவென்று கத்தும், பிறகு மூச்சுக்கூட விடாது. அந்த அமைதிக்காகவே நான் என் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறேன், முன் பாரில் ஒருவன், பின் கரியரில் ஒருவன். எதிரணி ஊர்க்காரர்கள்கூட அவன் விழுந்தால் "ஐயோ" என்பார்கள். ஒரு நாள் ஐஸ்பழ வான்காரன் ஒருவன் வியாபாரத்தை மறந்து வான் கூரையில் ஏறி நின்று அவனுடைய ஆட்டத்தைப் பார்த்தான். இறங்கி வந்து பார்த்தபோது பெட்டிக்குள் பழம் எல்லாம் தண்ணீர். "போகட்டும்" என்று சொல்லி அந்த நிறத் தண்ணீரை எங்களுக்கெல்லாம் குடிக்கத் தந்துவிட்டுப் போனான்.

எண்பத்துநாலு சித்திரையில் தாசன் செத்துப்போனான். இருபத்துநாலு வயது. அப்போது ஊரடங்குச் சட்டம். செய்தி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. சுட்டுப்போட்டார்கள் என்று ஒருவன் சொன்னான், கடலில் போனவன் வரவில்லை என்று இன்னொருவன் சொன்னான். எது சரியென்று விசாரிக்கிற காலமாக அது இருக்கவில்லை. அதே வருடமும் அடுத்த வருடமும் நாங்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டு வெளிக்கிட்டோம்.

எண்பத்தாறு உயிர்த்த ஞாயிறன்று வைலே நகரிலிருந்து நிக்கலஸ் ரயிலில் வந்திருந்தான். ஆள் நல்ல உயரம், கைகள் இரண்டும் துடுப்பு மாதிரி. நாவற்புலம் 'மின்னல்' கழகத்தின் கோல் காப்பாளனாக இருந்தவன். ஊரில் எங்களுக்கு எதிரி, இங்கே கண்டால் கட்டிப்பிடிப்போம்.

அருள்நாயகி பவளராணியைக் கூட்டிவந்து எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். புதிதாக வந்த பிள்ளை, ஞானரட்ணத்தாரின் மனைவி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"தங்கச்சி எவடம்?" என்று நிக்கலஸ் கேட்டான்.

"சவேரியார்துறை."

நிக்கலஸ் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தான். "சவேரியார்துறையோ! தாசன்ரை ஊரெல்லே! எண்பத்தோராம் ஆண்டு இறுதியாட்டம் தெரியுமோ உங்களுக்கு? அந்தப் படுபாவி எனக்கு அடிச்ச கோலாலை நான் ஒரு கிழமை வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. கோபம் எண்டா அவ்வளவு கோபம். ஆனா இப்ப சொல்லுறன் தங்கச்சி, அப்பிடியொருத்தன் இனி வரமாட்டான்."

ஞானரட்ணம் இரண்டு மூன்று தரம் செருமினார். நிக்கலஸ் நிறுத்தவில்லை. தாசன் பந்தைத் தொடையில் இறக்குகிற விதத்தை எழுந்து நின்று காட்டினான், கதிரை ஒன்று சரிந்தது. பவளராணி அந்தக் கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அவர் என்ரை அண்ணை" என்றாள்.

யார் முதலில் எழும்பியது என்று எனக்கு நினைவில்லை. நானும் எழும்பினேன். மேசையைச் சுற்றி இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். தேவகுமார் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"படுபாவி எண்டு சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான் நிக்கலஸ்.

"பரவாயில்லை அண்ணை. வீட்டிலை அம்மாவும் அப்பிடித்தான் பேசுறவ."

தேவகுமாருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அவர் எப்பிடி…? எங்களுக்கு ஒண்டும் சரியாத் தெரியாது" என்று கேட்டுவிட்டான். அவள் வாயைத் திறந்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள். "பிறகொரு நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லி ஞானரட்ணம் அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் எல்லோருக்கும் விடுமுறை. நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். ஞானரட்ணம் கீழே வாசலில் நின்று என்னோடு கதைத்தார். "எனக்கு அவர் மச்சான். கலியாணத்தண்டைக்குத் தோழனா நிண்டவர். பந்தடிக்கிறவர் எண்டு தெரியும். இவ்வளவு எண்டு இஞ்சை உங்கடை கதையளைக் கேட்டுத்தான் தெரியும், யோசேப், ஆனா என்ரை மச்சான் எண்டு சொல்ல மனம் வரேல்லை. நேற்று வீட்டை வந்து இவ என்னட்டைக் கேக்கிறா, அவையள் என்னத்துக்கு எழும்பினவை எண்டு. எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

திரும்பி வருகிற வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாசனுடைய ஆண்டு நினைவு சித்திரைக் கடைசியில் வருகிறது. அவனுக்கு ஒரு பூசை வைத்தால் என்ன?

எங்கள் பாதிரியார் வயதான டேனிஷ்காரர். இறந்தவர் யார் என்று கேட்டார். விளையாட்டுக்காரன் என்றேன். நல்லவனா என்று கேட்டார். முன்வரிசை என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெயரை ஒரு கடதாசியில் எழுதித் தரச் சொன்னார். பிறகு அந்தக் கிழமை முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினாராம். பூசையன்று "அன்டோனி டாசன்" என்று அவர் மெதுவாக, கால் வைத்து நடப்பதுபோலச் சொன்னபோது முன்வாங்கிலிருந்த பவளராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சனிக்கிழமை. நாங்கள் நினைத்ததைவிடக் கூட்டம். வைலேயிலிருந்து நிக்கலஸ் தன்னுடைய ஒரேயொரு சாம்பல் நிறக் கோட் சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். இக்காஸ்டிலிருந்து இரவு வேலை முடித்து நேரே வந்தவர்கள் கண் சிவந்து நின்றார்கள். தேவகுமார் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பூசைக்கு உள்ளே வந்தான், கடைசி வாங்கில் இருந்தான்.

பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தோம். பெண்கள் குசினிக்குள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மேசையைச் சுற்றி இருந்ததும் எண்பத்தோராம் ஆண்டு இறுதியாட்டம் தொடங்கிவிட்டது. ஐக்கியமும் மின்னலும். கடைசி நிமிடம் வரை ஒரு கோலும் இல்லை. பிறகு தாசன் அடித்தான்.

"தலையாலை இடிச்சது" என்றேன் நான். "மூலையிலையிருந்து வந்த பந்து. என்ரை கண்ணாலை கண்டனான்."

"உங்கடை கண்ணிலை பிழை அண்ணை. இடக்கால். ரண்டு பேரை வெட்டிக்கொண்டு வந்து இடக்காலாலை அடிச்சவர்" என்றான் தேவகுமார். அவன் எழும்பி வெட்டிக் காட்ட, இன்னொருவன் அது அரையிறுதி ஆட்டம் என்று மேசையில் அடித்தான். சத்தம் ஏறிக்கொண்டே போனது. நிக்கலஸ் மட்டும் பேசாமல் இருந்தான்.

குசினிக்குள் நடந்ததை அருள்நாயகி எனக்குப் பிறகு சொன்னாள். பவளராணி மாவைக் கையில் வைத்தபடியே அசையாமல் நின்றாளாம். என்னடி என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"எங்கடை வீட்டுப் பின்வேலிக்கு அங்காலைதான் அக்கா மைதானம். பொம்பிளைப் பிள்ளையள் பந்தடி பாக்கப் போறேல்லை. சத்தத்தை வைச்சுத்தான் எல்லாம். ஓ எண்டு கேட்டா அண்ணையின்ரை காலிலை பந்து. பிறகு ஒரு சத்தமும் வராது. பிறகு ஊரே அதிரும். உடனை அம்மா உலையிலை இன்னும் ரண்டு சுண்டு அரிசி போடுவா, ஆக்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவினம் எண்டு." பிறகு சொன்னாளாம்: "அவரின்ரை உடுப்புத் தோய்ச்சனான். சேறு எடுக்கிறது பெரும்பாடு. ஆனா அவர் விளையாடி ஒருநாளும் நான் பாக்கேல்லை."

அருள்நாயகி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "இஞ்சை, உங்கடை சண்டையை நிப்பாட்டிப்போட்டு இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. அவ ஒரு ஆட்டமும் பாக்கேல்லையாம்."

எங்களுக்கு அது தோன்றவேயில்லை. தாசனின் தங்கச்சி என்றால் எங்களைவிட எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்திருந்தோம்.

பவளராணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஞானரட்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். "முதல் நான் சொல்லுறன்" என்றாள் தேவகுமாரைப் பார்த்து. "நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்கள்."

அவள் அழாமல் சொன்னாள். "ஒருத்தரும் சுடேல்லை. கடலிலையும் போகேல்லை. கரையிலை பழைய தகரம் ஒண்டு குதிக்காலிலை ஏறினது. வெறுங்காலாலை விளையாடுற எனக்கு இது என்ன காயம் எண்டு சிரிச்சவர். ஏற்பு வராம ஊசி போடவேணும் எண்டு அப்பா சொன்னவர். அண்டைக்கு ஊரடங்கு. அந்தக் கிழமை முழுக்க ஊரடங்கு. ஊரடங்கை எடுத்த உடனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். அதுக்கிடையிலை ஏற்பு வந்து வாய் பூட்டிப்போச்சு. என்னைக் கூப்பிட வெளிக்கிட்டவர், பேர் வரேல்லை."

குசினியில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ போய் அடுப்பை நிறுத்தினார்கள்.

"அடக்கத்துக்குக் கொஞ்சப் பேர்தான் வரலாம், இளம் பெடியள் றோட்டிலை இறங்கக்கூடாது எண்டு ஆமிக்காரர் சொல்லிப்போட்டினம். அப்பாவும் பெரியப்பாவும் அவையளின்ரை வயசுக்காரரும்தான் பெட்டியைத் தூக்கினவை. பாரம் தாங்கேல்லை. றோட்டிலை வைச்சு வைச்சு, இளைப்பாறித்தான் சவக்காலைக்குக் கொண்டுபோனவை. அம்மா இண்டைக்கும் அதைத்தான் சொல்லி அழுறவ. என்ரை பிள்ளையை றோட்டிலை வைச்சிட்டினம் எண்டு."

நிக்கலஸ் தன் பெரிய கைகளை மேசையில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்கள் இருந்திருந்தா நிலத்திலை முட்ட விட்டிருக்கமாட்டம், தங்கச்சி" என்றான். "நாவற்புலம் முழுக்க வந்திருக்கும். தோள் மாத்தி, தோள் மாத்தி…"

நான் அழுதேன். தேவகுமாரும் அழுதான். தாசனுடைய செத்தவீட்டில் அழவேண்டிய அழுகை அது, இரண்டு வருடம் கழித்து ஹேர்னிங்கில் வந்து அழுதோம். ஞானரட்ணம் எழும்பிப் போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பவளராணி கேட்டாள். "சரி, இப்ப நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சண்டை பிடிச்ச அந்தக் கோல் என்ன கோல்?"

எல்லோரும் நிக்கலஸைப் பார்த்தோம்.

"தலையாலையும் இல்லை, இடக்காலும் இல்லை" என்றான் அவன். "எனக்கு நேர முன்னாலை வந்தான். என்ரை இடப்பக்கத்தைப் பாத்தான். சும்மா பாக்கேல்லை, அங்கை ஆரோ சொந்தக்காரர் வந்து நிக்கிறமாதிரிப் பாத்தான். நான் இடப்பக்கம் பாய்ஞ்சன். பந்து வலப்பக்கத்தாலை மெல்லமா உருண்டு போச்சுது. வேகமா அடிச்சிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். உருட்டி விட்டவன்!"

பவளராணி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சோறு தின்னேக்கையும் இதுதான் செய்யிறவர்! அம்மாவின்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சுக்கொண்டே என்ரை கோப்பையிலையிருந்து மீன்பொரியலை எடுத்திடுவார். நான் கத்தினா அம்மா நம்பமாட்டா. அவன் என்னையெல்லே பாத்துக்கொண்டிருந்தவன் எண்டு எனக்குத்தான் பேச்சு விழும்!"

நிக்கலஸ் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். "அப்ப அது வீட்டிலை பழகினதோ! உங்கடை மீன்பொரியலாலைதான் எனக்குக் கிண்ணம் போனது!"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு அவள், "எனக்குக் கதையாச் சொன்னா விளங்காது. காட்டுங்கோ" என்றாள்.

கோவிலுக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம். காற்று முகத்தில் அறைந்தது, புல் ஊறிப்போயிருந்தது. வலை கட்டாத வெள்ளைக் கம்பங்கள். தேவகுமாரின் காரில் எப்போதும் ஒரு பந்து இருக்கும். அதை எடுத்துவந்து வைத்தான். நிக்கலஸ் கோலுக்குள் போய் நின்றான். பவளராணியைக் கூப்பிட்டுத் தன் வலப்பக்கக் கம்பத்தோடு நிறுத்தினான். "இஞ்சை நில்லுங்கோ. நான் நிண்ட இடத்திலையிருந்து பாத்தாத்தான் அவன்ரை கள்ளம் தெரியும்."

தாசனாக யார் வருவது? தேவகுமார் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் ஒழுங்கைகளில் தாசன் மாதிரி ஓடிப் பார்த்தவர்கள்தான். அன்றைக்கு ஒருவருக்கும் கால் முன்னே வரவில்லை.

ஞானரட்ணம் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "நான் அடிக்கிறன். எனக்குத்தான் பந்தடி தெரியாது. பிழைச்சாலும் ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

முதல் தடவை நிக்கலஸின் இடப்பக்கம் பார்த்தார், இடப்பக்கமே அடித்தார். பந்தை நிக்கலஸ் நின்றபடியே பிடித்தான். அடுத்த தடவை புல்லைத்தான் உதைத்தார், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

"அண்ணை, நீங்கள் உங்கடை பாட்டுக்கு அடியுங்கோ. என்ரை வேலையை நான் செய்யிறன்" என்று நிக்கலஸ் கத்தினான்.

ஞானரட்ணம் மறுபடி ஓடிவந்தார். வந்து, நிக்கலஸின் இடப்பக்கம் தூரத்தில் நின்ற பேர்ச் மரங்களைப் பார்த்தார். பந்து அவருடைய சப்பாத்தின் நுனியில் பட்டு வலப்பக்கமாக மெதுவாக உருண்டது. ஒரு குழந்தைகூடக் காலால் நிறுத்தியிருக்கும். நிக்கலஸ் இடப்பக்கம் பாய்ந்தான். சும்மா சரியவில்லை, உடம்பு முழுவதும் காற்றில் நீட்டி, கைகளை விரித்து, அந்தச் சாம்பல் கோட் சூட்டோடு சேற்றில் போய் விழுந்தான். பந்து பவளராணியின் காலடியால் கோல் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

ஐக்கியத்துக்காக எத்தனை கோலுக்குக் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பவளராணி பந்தைப் பார்த்தாள், சேற்றில் கிடந்த நிக்கலஸைப் பார்த்தாள், பிறகு பந்து வந்த வெளியைப் பார்த்தாள். அவள்தான் முதலில் கைதட்டினாள்.

"இதுதான் எல்லாம்" என்றான் நிக்கலஸ், எழும்பாமலே. "தாசன் இதை விட நல்லா விளையாடுவான்."

"விளங்குது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடினோம். கொஞ்ச நேரத்தில் அருள்நாயகியும் மற்றப் பெண்களும் குளிரங்கிகளோடு உள்ளே இறங்கிவிட்டார்கள். ஆலங்கட்டி மழை கொட்டத் தொடங்கியபோதுதான் நிறுத்தினோம். ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது, அப்படியே தின்றோம். நிக்கலஸின் சூட்டை எங்கள் வீட்டுக் குளியலறையில் ஊறப்போட்டுவிட்டு, என்னுடைய காற்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அவன் வைலேக்கு ரயில் ஏறினான். அது அவனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே மட்டும்தான் வந்தது. பிளாட்ஃபோமில் நின்ற டேனிஷ்காரர் எல்லோரும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பெண்களுக்கு மொழிவகுப்பு. அருள்நாயகியும் பவளராணியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. சகோதரர்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ரீச்சர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பவளராணியின் முறை வந்ததும் அவள் எழுந்து நின்று டேனிஷில் சொன்னாளாம்: "எனக்கு ஒரு அண்ணன். அவர் உதைபந்தாட்டம் விளையாடுகிறார்."

உலகக் கிண்ண வருடமல்லவா, ரீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நன்றாக விளையாடுகிறாரா?"

"ஓம். மிகவும் நன்றாக."

அவர்களுக்கு இறந்தகாலம் இன்னும் படிப்பிக்கத் தொடங்கவில்லை. அது கோடை விடுமுறைக்குப் பிறகுதான். அருள்நாயகி திரும்பிப் பார்த்தபோது பவளராணி புத்தகத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டு நேராக இருந்தாளாம், காது மட்டும் சிவந்திருந்ததாம். ரீச்சர் அடுத்த கேள்வியைப் பக்கத்துக் கதிரையிலிருந்த நேசமலரிடம் கேட்கப் போய்விட்டார்.